பெயர் பென்ரோஸ், ஊர் பென்ரோஸ்

5

பென்ரோஸ் துறையில் இறங்கி, முதலில் எதிர்ப்பட்ட ஆளிடம் "இங்கே பென்ரோஸ் வீடு எது?" என்று கேட்டு மானத்தைக் கப்பலேற்றிய ஒரே துப்பறியும் உதவியாளர் நானாகத்தான் இருப்பேன்.

அந்த ஆள் மீன்கூண்டுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் அகல வீசி, கரையோரத் தேவாலயத்திலிருந்து மேட்டின் உச்சியில் தெரிந்த கடைசி வீடு வரைக்கும் காட்டினான்.

"எது வேணுமோ எடுத்துக்கோ," என்றான்.

ஊரின் பெயர் பென்ரோஸ். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் பென்ரோஸ். அந்தப் பெயர்கொண்ட வெள்ளைக்காரத் துரை ஒருவன் ஒரு காலத்தில் இந்தத் தீவில் பருத்தி போட்டான். மண் அவனுக்கு விளையவில்லை. அடிமைகளையும் நிலத்தையும் அப்படியே போட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டான். கல்லும் முள்ளுமான நிலம், அவனுடைய பெயர், இரண்டையும் மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து நிலம் பொது. பத்திரமும் கிடையாது, வேலியும் கிடையாது. பெயர் பென்ரோஸ் என்றால் வீடு கட்டலாம், சோளம் விதைக்கலாம், செத்த பிறகு இங்கேயே படுக்கலாம்.

எங்களோடு வந்த பென்ரோஸுக்கு வேண்டியது அந்தக் கடைசி உரிமை மட்டும்தான். அவர் சவப்பெட்டியில் இருந்தார்.

பெட்டியோடு வந்தவள் அவருடைய ஒரே மகள் கோரலீ. மயாமியில் பிறந்து வளர்ந்தவள், அதிகம் பேசாதவள். "என்னைப் பென்ரோஸில் புதை" என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அப்பா ரூஃபஸ் கண்ணை மூடிவிட்டார். தகரம் வைத்து மூடி முத்திரையிட்ட பெட்டியை அவள் தலைநகரான நசாவ் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். தபால் படகின் கேப்டன்தான் அங்கே விஷயத்தைச் சொன்னார். பெட்டியைக் கொண்டுபோவது அவர் பாடு, இறக்கிக்கொள்வது ஊர்க்காரர் பாடு. ஏதாவது ஒரு வீட்டுக்காரர் வந்து "இவன் எங்க வீட்டுப் பையன்" என்று சொன்னால்தான் குழி வெட்டுவார்கள். அப்படிச் சொல்லக்கூடிய உறவு யாரையாவது கண்டுபிடித்துத் தரும்படி கேட்டு அவள் சார்ஜண்ட் மாக்சியிடம் வந்தாள்.

செல்வின் மாக்சி போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போன பிறகும் பட்டம் ஒட்டிக்கொண்டது. நான் லவெர்ன் பிண்டர். அவருக்கு டைப் அடிப்பேன், காபி போடுவேன், அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பேன். இதில் கடைசி வேலை மட்டும் எனக்குச் சரியாக வராது.

துறையை ஒட்டிய படகுக் கொட்டகையில் பெட்டியை வைத்தோம். ஊர்ப் பெரியவரும் தேவாலய ஊழியருமான டீக்கன் சைலஸ் வந்தார். ஒல்லியான மனிதர், கறுப்புத் தொப்பி. பெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். பெயரைக் கேட்டதும் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

"ரூஃபஸா? டோர்கஸ் மகன் ரூஃபஸா?"

"ஆமாங்க," என்றாள் கோரலீ. "அவங்க பேரு டோர்கஸ்னுதான் அப்பா சொல்வார்."

"பேராவது ஞாபகம் இருந்துச்சே." டீக்கன் கடலைப் பார்த்தபடி பேசினார். "யுத்த காலத்துல ஃப்ளாரிடா தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாப் போனான். போனவன் போனவன்தான். ஒரு வரி எழுதல. அவன் அம்மா ஒவ்வொரு தபால் படகுக்கும் இந்தத் துறையில வந்து நிப்பா. மழையிலயும் நிப்பா, காய்ச்சல்லயும் நிப்பா. அப்படியே நின்னு நின்னு செத்தா. அதை இந்த ஊர்ல பாக்காதவங்க இல்ல. எந்த வீடும்மா இவனை ஏத்துக்கும்?"

"செத்தவர் மேல கோவப்பட்டு என்ன ஆகப்போகுது, டீக்கன்?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"உயிரோட வந்திருந்தா உயிரோட இருக்கிறவன் மேல கோவப்பட்டிருப்போம், பொண்ணே. அவன் வரல." என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காலையில தண்ணி ஏறினதும் படகு கிளம்பிடும். அதுக்குள்ள ஒரு வீடு வரட்டும், நானே மண்வெட்டி எடுக்கறேன். வரலேன்னா பெட்டி வந்த வழியில போகணும்."

வந்த வழியில் போனால் நசாவில் என்ன இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். நகராட்சியின் அனாதை இடுகாடு. கோரலீ பெட்டியின் மேல் விழுந்திருந்த உப்புநீரைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள்.

"டோர்கஸ் வீட்டுல மிச்சம் யாரு?" என்று கேட்டார் சார்ஜண்ட்.

"வீடே மிச்சமில்ல, சார்ஜண்ட். போன புயல்ல போச்சு."

கிராமத்தில் தகவல் வேண்டுமென்றால் சார்ஜண்ட் தேவாலயத்துக்குப் போக மாட்டார், கடைக்குப் போவார். கோரலீயைப் பெட்டியோடு விட்டுவிட்டு இருவரும் மேட்டேறினோம். அந்த ஊருக்கு இருந்த ஒரே கடை மிஸ் எதலினுடையது. மாவு, மண்ணெண்ணெய், தூண்டில், ஜானிக்கேக் ரொட்டி, ஊர்ப்பேச்சு எல்லாம் ஒரே மேஜையில் கிடைக்கும். சார்ஜண்ட் ஒரு துண்டு ஜானிக்கேக் வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"டோர்கஸுக்கு அண்ணன் தம்பி உண்டா, மிஸ் எதலின்?"

"ரெண்டு பேரும் கடலோட போயாச்சு. கல்யாணம் ஆகாதவனுங்க."

"ரூஃபஸுக்கு ஒரு முறைப்பொண்ணு, ஒரு காதலி?"

"எங்க இருந்துச்சு நேரம்? மீசை முளைக்கிறதுக்குள்ள அமெரிக்கா போயிட்டானே."

"தனியாவா போனான்?"

மிஸ் எதலின் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை நிறுத்தினாள். "இல்ல. மிஸ் யூலா மகன் ஏனோக்கும் அவனும் சேர்ந்துதான் போனாங்க. இங்கிருந்து போனது அவங்க ரெண்டு பேர்தான். பாவம் ஏனோக், மறுவருஷமே பெட்டில வந்துட்டான். லாரி கவிழ்ந்துச்சாம்."

"நீங்க பாத்தீங்களா?"

"பெட்டியைப் பாத்தேன். திறக்கக் கூடாதுன்னு ஆணியடிச்சு அனுப்பியிருந்தாங்க. மேல ஒரு தகடு. பேரு பென்ரோஸ், ஊரு பென்ரோஸ். அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தத் தகட்டை வச்சுக்கிட்டு இந்த ஊர்ல யாரை வேணாலும் புதைக்கலாமே."

"புதைச்சிருப்போம்தான்," என்றாள் அவள் வருத்தப்படாமல். "கூடவே ஒரு பொட்டலத்துல சட்டை வந்துச்சு. யூலா கையால தச்ச சட்டை, அவ தையல் எங்களுக்குத் தெரியாதா? அதைப் பிரிச்சுப் பாத்தா ஒரு பக்கம் பூரா ரத்தம். அவ போட்ட சத்தத்துல ஆடெல்லாம் கட்டை அறுத்துக்கிட்டு ஓடுச்சு."

என் சிரிப்பு எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. சார்ஜண்ட் வாயில் இருந்ததை மெல்வதை நிறுத்தியிருந்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடலில் படகுகள் திரும்ப ஆரம்பித்தன. மேட்டில் ஒரு வீட்டு முற்றத்திலிருந்து ஒரு பெண் கைகளை வாயருகே குவித்துக்கொண்டு ஏதோ கூவினாள். வார்த்தை இல்லை, வெறும் குரல். உயர்ந்து, சுழன்று, டக்கென்று நின்றது. தண்ணீரிலிருந்து ஓர் ஆண்குரல் அதையே திருப்பிக் கூவியது. அடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று, வேறு மாதிரி.

"இங்கே எல்லாருக்கும் வயித்துவலியா?" என்று கேட்டேன்.

"உனக்கு வாய்வலி, அதான் தெரியுதே," என்றாள் மிஸ் எதலின். "அது வீட்டுக் கூவல். பேர் சொல்லிக் கூப்பிட்டா நாலு ஜோசப் திரும்பறான், ஆறு ஜான் திரும்பறான். பென்ரோஸேன்னு கூப்பிட்டா கப்பலே கவுந்துடும். அதனால வீட்டுக்கு வீடு ஒரு கூவல். அம்மா கூவினா பிள்ளை அதையே திருப்பிக் கூவணும். கூவலேன்னா சோறு கிடையாது."

"அடுத்த வீட்டுக் கூவலை யாராவது எடுத்தா?"

"பல்லு இருக்காது."

"வீட்டுல எல்லாரும் போயிட்டா?"

"கூவலும் போச்சு. அப்புறம் யாரும் அதைத் தொட மாட்டாங்க."

"டோர்கஸ் வீட்டுக் கூவல் எப்படி இருக்கும்?" என்று கேட்டார் சார்ஜண்ட்.

அவள் வாயால் சொல்ல மறுத்துவிட்டாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விரலால் மேஜையில் தட்டிக் காட்டினாள். மூன்று குட்டை, ஒரு நெட்டை.

கடையிலிருந்து இறங்கும்போது எனக்கு ஒரு யோசனை பிறந்தது. எனக்கு யோசனை பிறப்பது அபூர்வம் என்பதால் உடனே வெளியே சொன்னேன். "சார்ஜண்ட், அவ அப்பா அந்தக் கூவலை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாரா? செத்துப்போன வீட்டுக் கூவலை ஊர் நடுவுல அவ எடுத்தா, டோர்கஸ்கூடப் பழகின ஏதாவது ஒரு கிழவியாவது அழ மாட்டாளா? ஒரு வீடாவது இறங்கி வராதா?"

"முதல் தடவையா சம்பளத்துக்கு வேலை பாத்திருக்க," என்றார் அவர். ஆனால் அவர் முகம் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தது.

கொட்டகையில் கோரலீ பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்திருந்தாள். சார்ஜண்ட் அவளுக்கு எதிரே போய்க் குந்தினார். படகில் வரும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்தான். அன்று கடல் கொந்தளித்ததில் மூவரும் வாயைத் திறந்தது வேறு காரியத்துக்கு.

"உங்கப்பா போட்டோ ஒண்ணு காட்டு, கோரலீ."

"இல்லை. ஒண்ணுகூட இல்லை. அப்பா கேமராவைக் கண்டா பின்பக்கமாப் போயிடுவார். கல்யாணப் போட்டோவுல அம்மா மட்டும்தான் நிக்கிறாங்க."

"வெட்கமா?"

"அம்மா அப்படித்தான் சொல்வாங்க."

"கடைசியா உன்கிட்ட என்ன பேசினார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

"என்னைப் பென்ரோஸ்ல புதைன்னார். அப்புறம், 'ரூஃபஸ் மேல ஒரு தப்பும் இல்லை, மிஸ் டோர்கஸ்கிட்டப் போய்ச் சொல்லு'ன்னார். அவங்க எப்பவோ செத்துப் போயிருப்பாங்கன்னு அவருக்குத் தோணலை போல. அவரையே அவர் பேர் சொல்லிச் சொன்னார். காய்ச்சல் வேகம்னு நினைச்சேன்."

"மிஸ் டோர்கஸ்னா சொன்னார்?"

"ஆமாம். எப்பவுமே அப்படித்தான் சொல்வார்."

சார்ஜண்ட் கண்களை ஒருமுறை மூடித் திறந்தார். அவரோடு பல வருஷம் வேலை செய்கிறேன். அந்த முகம் எனக்குத் தெரியும். வெளிச்சம் வந்துவிட்டது, வந்த வெளிச்சம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"சின்ன வயசுல நீ தெருவுல விளையாடிக்கிட்டு இருப்பேல்ல? சாப்பிட உன்னை எப்படிக் கூப்பிடுவார்?"

முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அதை ஏன் கேக்கறீங்க? வாசல்ல நின்னுக்கிட்டுக் கையைக் குவிச்சு ஒரு கத்து கத்துவார். 'ஏய், உங்க வீட்டு ஆந்தை கூப்பிடுது'ன்னு பிள்ளைங்கல்லாம் கேலி பண்ணும். நான் பதிலுக்கு அதே மாதிரி கத்தினாத்தான் விடுவார். மானம் போகும்."

"கூவு," என்றார் சார்ஜண்ட்.

அவள் எழுந்து கொட்டகை வாசலுக்குப் போனாள். கைகளைக் குவித்தாள். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நெட்டை. மூச்சு வாங்கி இன்னொரு நெட்டை. அந்த இரண்டாவது பாதியில் உடைந்து, கீழே இறங்கி அடங்கியது.

நான் விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன். என் யோசனை பாழாய்ப் போயிற்று. "தப்பு. மூணு குட்டை, ஒரு நெட்டைன்னு இல்ல சொன்னா? இது வேற ஏதோ."

சார்ஜண்ட் மேட்டைக் காட்டினார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மேட்டில் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்த பெண்களின் கூவல்கள் நின்றுவிட்டன. தண்ணீரில் துடுப்புச் சத்தம்கூட இல்லை.

டீக்கன் சைலஸ் ஓடி வந்தார். அந்த வயதில் ஓடக்கூடாத ஓட்டம். தொப்பி எங்கேயோ விழுந்திருந்தது.

"யார் கூவினது? யாரு?"

"நான்தான்," என்றாள் கோரலீ பயந்துபோய். "எங்கப்பா..."

"அது டோர்கஸ் வீட்டுக் கூவல் இல்ல. ஏனோக்கைப் புதைச்ச நாள்லருந்து இந்த ஊர்ல யாரும் எடுக்காத கூவல் அது. மிஸ் யூலா வீட்டுது."

"உக்காருங்க, டீக்கன்," என்றார் சார்ஜண்ட். "நான் ஒண்ணு கேக்கறேன். உங்க ஊர்ல பெத்த தாயை யாராவது மிஸ்னு சொல்வாங்களா?"

"பெத்தவளையா? அடுத்த வீட்டுப் பொம்பளையைத்தான் மிஸ்ங்கறது. பெத்தவ அம்மா."

"இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறவர் டோர்கஸை மிஸ் டோர்கஸ்னுதான் சொல்லியிருக்கார், சாகும்போதுகூட. மயாமில பாதித் தெரு நம்ம தீவுக்காரங்க. ஒரு போட்டோ யாரோட பையிலயாவது ஊருக்கு வந்துடும்னு பயந்து கேமராவுக்கு முன்னாடி நின்னதே இல்ல. 'ரூஃபஸ் மேல தப்பில்லை'ன்னு சொன்னது தனக்காக இல்ல. ரூஃபஸுக்காக." சார்ஜண்ட் பெட்டியின் மேல் கையை வைத்தார். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி பெட்டில வந்தது ரூஃபஸ். இதுல இருக்கிறது ஏனோக்."

டீக்கன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா பேரு ரூஃபஸ்," என்றாள் கோரலீ.

"உங்கப்பா எடுத்துக்கிட்ட பேரு ரூஃபஸ், அம்மா."

"ஆனா அந்தச் சட்டை?" என்று கேட்டேன்.

"ஒரே ஊர்ப் பசங்க, ஒரே கொட்டகையில படுக்கிறாங்க. ஒருத்தன் சட்டையை இன்னொருத்தன் மாட்டிக்கிட்டு வேலைக்குப் போறது அதிசயமா? லாரி கவுந்தது. தோட்டத்து ஆபீஸ்ல பென்ரோஸ்லருந்து வந்த பென்ரோஸ்னு ரெண்டு பேர். செத்தது எவன்னு உயிரோட இருக்கிறவனைத்தான் கேட்டிருப்பாங்க. அவன் ஏனோக்னு சொல்லிட்டான். ஏன்னு அவனுக்குத்தான் தெரியும். ரூஃபஸுக்கு இன்னும் தங்க அனுமதி இருந்திருக்கும், இவனுக்கு இருந்திருக்காது. கொஞ்ச நாள் சம்பாதிச்சுட்டு ஊருக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு நினைச்சிருப்பான். அதுக்குள்ள பெட்டி போயிடுச்சு, இங்க அழுது முடிச்சுப் புதைச்சும் ஆச்சு. அப்புறம் யாருக்கு எழுதுவான்? தன் அம்மாவுக்கு எழுதினா டோர்கஸ் மகனைக் கொல்லணும். டோர்கஸுக்கு எழுதினா, செத்தவன் பேர்ல அவன் தாய்க்கே பொய் எழுதணும். யாருக்கும் எழுதல."

எனக்குப் பெட்டியின் மேல் கோபம் வந்தது. இறந்தவரின் மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு கிழவி மழையில் நனைந்து நனைந்து செத்ததற்கு ஒரு தபால்தலை போதுமாக இருந்திருக்கும்.

டீக்கன் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். "சார்ஜண்ட், மிஸ் யூலா இன்னும் இருக்கா. மேட்டு உச்சியில, அந்தக் கடைசி வீட்டுல. வாரா வாரம் அந்தக் கல்லறையைத் தண்ணி ஊத்திக் கழுவறா. வெள்ளையடிக்கிறா. அவளுக்குன்னு இந்த உலகத்துல இருக்கிறது அந்த ஒரு கல்லுதான். அது உன் மகன் இல்ல, உன் மகன் உன்னைச் சும்மா அழவிட்டுட்டு முப்பது வருஷம் அமெரிக்காவுல உக்காந்து தின்னான்னு நான் போய்ச் சொல்லணுமா?"

டீக்கன் சார்ஜண்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்குக் காது மந்தம். இப்பக் கூவினது கேட்டிருக்காது. கேட்டவங்க வாயை நான் கட்டறேன். காலையில படகு போகட்டும். பெட்டியும் போகட்டும். அவ நிம்மதியாச் சாகட்டும்."

சார்ஜண்ட் கோரலீயைப் பார்த்தார். "உனக்கு வீடு கிடைச்சிருக்கு. நீ கேட்ட உறவு உயிரோட இருக்கு. நீ சொன்னா இப்பவே கூட்டிக்கிட்டுப் போறேன். முடிவு உன்னோடது."

அவள் மேட்டைப் பார்த்தாள். உச்சி வீட்டில் ஒரு விளக்கு ஏற்றப்பட்டிருந்தது.

"தூரத்துலருந்து ஒரு தடவை பாத்துட்டு வரலாமா?"

"பாத்தா நீ சொல்லாம வர மாட்டேம்மா," என்றார் டீக்கன் கெஞ்சலாக.

"அப்ப வேண்டாம். அப்பாவை இப்பவே படகுல ஏத்திடுங்க. காலையில வேண்டாம். காலையில எனக்கு மனசு மாறிடும்."

"சத்தியம் பண்ணிக் கொடுத்தியே," என்றேன் நான். அடக்க முடியவில்லை.

"அவர் அவங்களுக்கு எதையுமே கொடுக்கலை, லவெர்ன். ஒரு கடிதம்கூட. நானாவது இதைக் கொடுத்துட்டுப் போறேன்."

சொல்லும்போதே அவள் கன்னம் நனைந்திருந்தது. நான் வெட்கத்தை விட்டு அவளோடு சேர்ந்து அழுதேன்.

படகுக்காரர்கள் வந்து பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். துறைப் பலகையில் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள். முன்னால் போனவன் நின்றான். பின்னால் திரும்பிப் பார்த்தோம். மேட்டுப் பாதையில் ஊர்ச்சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. நடுவில் ஒரு கிழவி தடியூன்றி இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவளை யாரும் கைபிடித்துக் கூட்டி வரவில்லை. பிடிக்கப்போனவர்களை அவள் தடியால் விலக்கினாள். பாவாடையில் முழங்கால் இருக்கும் இடத்தில் ஈரமண் ஒட்டியிருந்தது. நேராக இங்கே வரவில்லை, கல்லறைக்குப் போய் மண்டியிட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"கூவினது யாரு?" என்று கேட்டாள் மிஸ் யூலா. "என் காது மத்ததுக்குத்தான் மந்தம், எங்க வீட்டுக் கூவலுக்கு இல்ல."

கோரலீ முன்னால் வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தாங்க, மிஸ் யூலா. ரூஃபஸ் மகள். உங்க மகன் ஏனோக்கிட்டருந்து எங்கப்பா கத்துக்கிட்டாராம். விளையாட்டா எனக்கும் சொல்லிக் கொடுத்தார். தெரியாமக் கூவிட்டேன். மன்னிச்சுடுங்க."

நல்ல பொய். யோசித்து, அன்போடு சொன்ன பொய். சார்ஜண்டே தலையை ஆட்டினார்.

"எங்க வீட்டுக் கூவல்ல உடையற இடம் கிடையாது," என்றாள் கிழவி. "என் மாமியார் சுத்தமா இழுப்பா. ஏனோக் பிறந்த வருஷம் எனக்குத் தொண்டையில கட்டி வந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டாவது இழுப்பு பாதியில உடைஞ்சுபோகும். இது இப்படித்தான்னு நினைச்சு அவனும் உடைப்பான். கேக்கறவங்க சிரிப்பாங்க. ரூஃபஸ் கேலி பண்ணினா முழுசா இழுத்துட்டுத்தான் கேலி பண்ணுவான். நீ உடைச்ச மாதிரி உடைக்க, என் மடியில கிடந்து கேட்டிருக்கணும்."

கோரலீ பலகையில் உட்கார்ந்துவிட்டாள். கிழவி அவள் தலையைத் தொடவில்லை, கட்டிப் பிடிக்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாச் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டார்," என்றாள் கோரலீ.

"நீ ஒருத்திதானா?"

"ஒருத்திதான்."

மிஸ் யூலா தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு பேசினாள். யாரிடம் பேசினாள் என்று தெரியவில்லை. "டோர்கஸ் ஞாயித்துக்கிழமை தவறாம என்கூடக் கல்லறைக்கு வருவா. 'நீ கொடுத்து வச்சவ யூலா, உன் பையன் கண்ணெதிர்ல கிடக்கான், என் பையன் என்னை மறந்தே போயிட்டான்'னு சொல்லிக்கிட்டு அந்தக் கல்லு மேலேயே உக்காருவா. உக்காந்து ரூஃபஸைத் திட்டுவா. வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டுவா. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? 'என் பையன் மேல உக்காராதடி, எந்திரி'ன்னு அவளை விரட்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் விரட்டினேன்."

துறையில் நின்றவர்களில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ் எதலின் என்று நினைக்கிறேன். சார்ஜண்ட் தண்ணீர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

டீக்கன் முன்னால் வந்தார். முறை முறைதான், அதை அவர் விட்டுக்கொடுக்க முடியாது. "மிஸ் யூலா. இது எந்த வீட்டுப் பையன்னு நீங்க சொல்லணும்."

கிழவி பெட்டிக்கு அருகே வந்தாள். இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு கணம் எனக்குப் பயம் வந்தது. சொல்ல அவளுக்கு நியாயம் இருந்தது.

"முதல்ல ரூஃபஸை எடுத்து டோர்கஸ் பக்கத்துல வைங்க," என்றாள் மிஸ் யூலா. "அவன் எதுவும் செய்யலைன்னு அவ தலைமாட்டுல நின்னு நீங்க எல்லாரும் சத்தமாச் சொல்லணும், டீக்கன். இந்த ஊர் பூரா அவனை ஏசியிருக்கு. ஊர் பூரா வந்து சொல்லணும். அதுக்கப்புறம் இவனைக் கொண்டுவந்து அந்தக் குழியில வைங்க. இவன் எங்க வீட்டுப் பையன்."

டீக்கன் தலையை ஆட்டினார். "காலையில செய்யலாம்," என்றார்.

"இறக்குங்க அவனை."

படகுக்காரர்கள் பெட்டியைப் பலகை மேல் இறக்கினார்கள். மற்றவர்களைப் போகச் சொல்லி அவள் தடியை அசைத்தாள். ஊர் கலைந்தது. சார்ஜண்ட் என் தோளைத் தொட்டார். நாங்களும் கரைப் பக்கமாக நடந்தோம். கோரலீ மட்டும் எழுந்திருக்கவில்லை, கிழவியும் அவளைப் போகச் சொல்லவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். மிஸ் யூலா சிரமப்பட்டுக் குனிந்து, தடியைக் கீழே வைத்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். விளையாடப் போய் இருட்டிய பிறகு வீட்டுக்கு வரும் பையனிடம் ஒரு தாய் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"இவ்வளவு நேரம் எங்கடா போயிருந்த?"